சொந்தக் கட்சியைத் தண்டிக்க முடியாத தேசம்

2019 ஜூலை 10. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா 365க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. வேலை அடிப்படையில் தரும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பை நீக்கும் மசோதா. எடிசனிலும் ஃப்ரிஸ்கோவிலும் சன்னிவேலிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் அன்றிரவு சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். வாட்ஸப் குழுக்களில் "நம்ம முறை எப்ப வரும்" என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். எதிலும் ஒத்துப்போகாத டெமாக்ரட்டும் ரிபப்ளிகனும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான விஷயம் அது. செனட்டில் அதைக் கொண்டுவந்தவர்கள் யூட்டாவின் ரிபப்ளிகன் மைக் லீயும் கலிஃபோர்னியாவின் டெமாக்ரட் கமலா ஹாரிஸும். ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண் என்பதால் எங்கள் குழுக்களில் உரிமை கொண்டாடுவதும் சேர்ந்துகொண்டது.

செனட் தன் வடிவத்தை 2020 டிசம்பரில் நிறைவேற்றியது, அதுவும் எதிர்ப்பே இல்லாமல். ஆனால் இரு சபைகளும் நிறைவேற்றியவை ஒன்றுபோல் இல்லை. வித்தியாசங்களைச் சரிசெய்து அதிபரின் கையெழுத்துக்கு அனுப்ப ஒரு மாதம் அவகாசம் இருந்தது. அனுப்பவில்லை. ஜனவரி 3-ல் அந்தச் சபைகளின் ஆயுள் முடிந்தது. மசோதாவும் அதோடு போனது.

மசோதாவை எதிர்த்தவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990 சட்டத்தின்படி இந்த வகையில் வருடத்துக்கு 1,40,000 கிரீன் கார்டுகள்தான், மனைவி மக்களையும் சேர்த்து. வரம்பை மட்டும் எடுத்தால் இந்தியர்களின் காத்திருப்பு மற்ற நாட்டுக்காரர்களின் தலையில் விழும். மொத்த எண்ணிக்கையையும் கூட்டுங்கள் என்று இல்லினாய் செனட்டர் டிக் டர்பின் கேட்டார். சரியான கேள்வி. ஏன் கூட்டக் கூடாது? கூட்டுவதற்குக் கை தூக்கும் ரிபப்ளிகன் அடுத்த பிரைமரியைத் தாண்ட மாட்டார். அதனால் கூட்ட முடியாது. இந்த நாட்டில் பல விஷயங்கள் கடைசியில் இந்த இடத்தில் வந்துதான் முட்டி நிற்கின்றன.

பிரைமரி என்றால் என்ன என்பதை ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வேட்பாளரை இங்கே கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. கட்சி சார்பான வாக்காளர்கள் பொதுத் தேர்தலுக்கு முன்பே தங்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்பதற்கு உட்கட்சி ஜனநாயகத்தின் உச்சம் போலிருக்கும். நடைமுறையில் என்ன ஆகிறது என்பதற்கு ஒரே ஒரு தொகுதியின் கதை போதும்.

2013 ஜூனில் செனட் இதைவிடப் பெரிய குடியேற்ற மசோதா ஒன்றை 68க்கு 32 என்று நிறைவேற்றியது. நான்கு டெமாக்ரட்டுகளும் நான்கு ரிபப்ளிகன்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. எல்லைக் காவல், ஆவணமில்லாமல் வாழ்கிறவர்களுக்கு ஒரு வழி, கிரீன் கார்டு வரிசை எல்லாமே அதில் இருந்தன. 14 ரிபப்ளிகன் செனட்டர்கள் ஆதரித்தார்கள். பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் ஜான் பேனர் அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கவில்லை. தன் கட்சி உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விரும்பாத எதையும் சபைக்குக் கொண்டுவருவதில்லை என்பது ரிபப்ளிகன் சபாநாயகர்களின் எழுதாத விதி. மொத்தச் சபையிலும் பெரும்பான்மை இருந்தால்கூடப் போதாது, கட்சிக்குள் பெரும்பான்மை வேண்டும்.

அப்படியும் மசோதாவுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை முடித்துவைத்தது 2014 ஜூன் 10 அன்று வர்ஜீனியாவின் ஏழாவது தொகுதியில் நடந்த ரிபப்ளிகன் பிரைமரி. அத்தொகுதியின் எரிக் கேன்டர் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். எதிர்த்து நின்ற டேவ் பிராட் ஒரு கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர். வெளியே யாருக்கும் தெரியாதவர், பிரசாரத்துக்குக் கேன்டர் செலவழித்ததில் ஒரு துளிகூட இவரிடம் கிடையாது. சட்டவிரோதமாக வந்தவர்களுக்குக் கேன்டர் பொதுமன்னிப்பு தரப் பார்க்கிறார் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். முடிவில் பிராட்டுக்கு 36,000 சொச்சம் ஓட்டு, கேன்டருக்கு 29,000க்குக் கொஞ்சம் குறைவு. ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் தொகுதியில் சுமார் 65,000 பேர் போட்ட ஓட்டு. நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தலையெழுத்தோடு, எங்கள் கிரீன் கார்டு வரிசையும் அன்று சாயங்காலம் அங்கே முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த ரிபப்ளிகன் தலைவருக்கும் அந்த மசோதாவைத் தொடும் தைரியம் வரவில்லை.

435 தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. நவம்பர் தேர்தல் அங்கே சம்பிரதாயம்தான். அதனால் அந்த உறுப்பினர் பயப்பட வேண்டியது எதிர்க்கட்சிக்கு இல்லை, தன் கட்சியிலேயே தன்னைவிட முரட்டுத்தனமாகப் பேசுகிற ஒருவருக்கு. கோட்டைகளும் தானாக அமைந்தவை மட்டுமல்ல, பல இடங்களில் கோடு போட்டுக் கட்டியவை. கட்சி லாபத்துக்காகத் தொகுதி எல்லை வரைவதில் ஃபெடரல் நீதிமன்றங்கள் தலையிடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் டெக்சஸ் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திராமல், ரிபப்ளிகன்களுக்கு ஐந்து இடம் கூடுகிற மாதிரி எல்லைகளைத் திருத்தியது. சுதந்திரமான ஆணையம் வைத்துக் கௌரவமாக வரைந்துகொண்டிருந்த கலிஃபோர்னியா, நவம்பரில் மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்தி, டெமாக்ரட்டுகளுக்கு அதே அளவு கிடைக்கும்படி தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. அவன் செய்தால் நானும் செய்வேன் என்பதைத் தவிர வேறு வாதம் அங்கே தேவைப்படவில்லை. நான் கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதெல்லாம் யார் வீட்டில் வந்து விழுகிறது என்று சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவர் பத்து வருடத்துக்கும் மேலாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார். அவர் மகள் நான்கு வயதில் இங்கே வந்தவள். எச்-1பி வைத்திருப்பவரின் பிள்ளைக்குத் தரும் எச்-4 விசா 21 வயது வரைக்கும்தான். அதற்குள் அப்பாவுக்குக் கிரீன் கார்டு வராவிட்டால் பிள்ளை தனியாக மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அவளுக்கு 21 நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். ஐ-20, ஐ-539 படிவங்கள், அப்பாவின் வங்கிக் கணக்கு விவரம், பழைய பாஸ்போர்ட்கள். மாணவர் விசாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. படிப்பு முடிந்ததும் திரும்பிப் போக வெளிநாட்டில் தனக்கு வீடு இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

"எந்த வீட்டை அங்கிள் எழுதறது?" என்றாள். "திருச்சியில தாத்தா வீட்டையா? அங்க மொத்தமா ரெண்டு மாசம் இருந்திருப்பேன். கிண்டர்கார்டன்லேர்ந்து தினமும் நெஞ்சுல கை வச்சு இந்தக் கொடிக்குத்தான் வணக்கம் சொல்லியிருக்கேன்."

அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "அங்கிளைப் போய் ஏன்டி கேக்கற, வக்கீல் சொன்னதை எழுது" என்றார். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு 2024 பிப்ரவரி மசோதாவில் இருந்தது. ஒக்லஹோமாவின் ரிபப்ளிகன் ஜேம்ஸ் லாங்ஃபர்ட், கனெக்டிகட்டின் டெமாக்ரட் கிறிஸ் மர்ஃபி, சுயேச்சையாக மாறிவிட்ட அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா மூவரும் பேசி முடித்தது. எல்லைக் காவலர்களின் சங்கமே அதை ஆதரித்தது. ரிபப்ளிகன்கள் வருடக்கணக்காகக் கேட்ட கெடுபிடிகள் பெரும்பாலும் அதில் இருந்தன. வேட்பாளர் டிரம்ப் வேண்டாம் என்றார். எல்லைப் பிரச்சினை தீர்ந்துவிட்டால் நவம்பரில் எதைப் பேசி ஓட்டுக் கேட்பது? 60 ஓட்டு வேண்டிய இடத்தில் 49 விழுந்தது.

என் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் பெரும்பாலும் டெமாக்ரட்டுகளுக்கு ஓட்டுப் போடுகிறவன். பதவிக்கு வந்த முதல் வருடத்திலேயே குடியேற்ற மசோதா என்று 2008-ல் ஒபாமா வாக்குக் கொடுத்தார். 2009-ல் செனட்டில் சில மாதங்கள் அவர்களுக்கு 60 பேர் இருந்தார்கள். கொண்டுவரவில்லை. 2021-லும் 2022-லும் அதிபர், இரு சபைகள் எல்லாம் அவர்கள் கையில். அப்போதும் நடக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் "தேசி" வாக்காளர்களுக்கென்று தனிக் கூட்டம், தீபாவளி வாழ்த்து, மேடையில் ஒரு "வணக்கம்". அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏன் இருக்க வேண்டும்? நான் எங்கே போய்விடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இரண்டே கட்சி இருக்கும் இடத்தில், அதிலும் இரண்டுக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்துவிட்ட இடத்தில், வாக்காளனால் சொந்தக் கட்சியைத் தண்டிக்க முடியாது. தண்டித்தால் தான் பயப்படுகிறவனுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். தண்டனைக்குப் பயமில்லாத கட்சி எதற்காக நல்லது செய்ய வேண்டும்? எதிரி இன்னும் மோசம் என்று நம்பவைத்தால் போதுமே. அந்த நம்பிக்கையை வாடாமல் வைத்திருக்கத்தான் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இந்த நாட்டு மக்கள் திடீரென்று கெட்டவர்களாகிவிடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துப் பயப்படுவதால் லாபம் அடைகிற ஓர் ஏற்பாட்டுக்குள் மாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் விருதுநகர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறார், உழைப்பாளி, தீவிர ரிபப்ளிகன். வரி, கருக்கலைப்பு, பள்ளிக்கூடப் பாடம் எல்லாவற்றிலும் அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. பேசாமல் இருக்கிற நாளே எங்களுக்குள் கிடையாது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் புகுந்ததைப் பற்றி ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். "அதைப் பாத்தப்ப எனக்கே வயித்தைக் கலக்கிருச்சு அண்ணே. இந்த ஆளு சரியில்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா அவங்க வந்துட்டா?"

அவங்க வந்துட்டா. எங்கள் பக்கத்திலும் இதே பேச்சுதான். பைடனின் வயதைப் பற்றி 2023-லேயே டெமாக்ரட் வீடுகளில் பேசாதவர்கள் யார்? கட்சிக்குள் பெரிய தலை ஒன்றுகூட அவரை எதிர்த்து நிற்கவில்லை. பேச்செடுத்தவர்களை எதிரிக்கு உதவாதே என்று அடக்கினார்கள். 2024 ஜூன் 27 இரவு டிரம்புடன் நடந்த விவாதத்தில் எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது. ஜூலை 21-ல் அவர் விலகியபோது தேர்தலுக்கு நூற்றுச் சொச்சம் நாள்தான் பாக்கி. பயம் ஒரு கட்சியை எப்படி ஊமையாக்கும் என்பதை என் கட்சியிலேயே பார்த்தேன்.

மூன்றாவது ஒருவருக்குப் போடலாமே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1992-ல் ராஸ் பெரோவுக்கு நாடு முழுவதும் 18.9 சதவீத ஓட்டு விழுந்தது. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலக்டோரல் காலேஜில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். 2000-ல் ஃப்ளோரிடாவில் புஷ் வென்றது 537 ஓட்டில். அங்கே பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,000க்கும் மேல். சீட் பெல்ட் முதல் கார் பாதுகாப்புச் சட்டம் வரை இந்த நாட்டுக்கு அவர் செய்தது சாதாரணமில்லை. ஆனாலும் ஈராக் போர் வரைக்கும் எல்லாப் பழியையும் இன்றுவரை அவர் தலையில் போடுகிறார்கள். அதிக ஓட்டு வாங்கிய ஒருவர் மட்டும் ஜெயிக்கும் ஒற்றை உறுப்பினர் தொகுதிகள் இருந்தால் அரசியல் இரண்டு கட்சியை நோக்கித்தான் போகும் என்று மொரிஸ் டுவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் 1950களிலேயே எழுதினார். மூன்றாவது கட்சிக்குப் போடுகிற மனிதர் தான் மிகவும் வெறுக்கிறவருக்கு உதவுகிறார். ஒரு தடவை சுட்டுக்கொண்டவர் மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை.

வெறுப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. நம் மக்களுக்கு அது சட்டென்று புரியும். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஷாந்தோ ஐயங்காரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2012-ல் வெளியிட்டது. உங்கள் பிள்ளை எதிர்க்கட்சி வீட்டில் சம்பந்தம் செய்தால் உங்களுக்கு வருத்தமா என்ற கேள்விக்கு, 1960-ல் ஆமாம் என்றவர்கள் இரு பக்கமும் ஐந்து சதவீதம் அளவுக்குத்தான். 2010-ல் ரிபப்ளிகன்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், டெமாக்ரட்டுகளில் மூன்றில் ஒருவர். கொள்கையில் அவ்வளவு தூரம் விலகியிராதவர்கள்கூட ஆளை வெறுக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. கல்யாணத்துக்கு எதைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்து ஒரு சமூகம் எங்கே பிளந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். தமிழர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எப்போதும் இப்படி இருந்ததா? உச்ச நீதிமன்றத்துக்கு 1986-ல் ரீகன் நியமித்த ஸ்காலியா கடும் வலதுசாரி, செனட்டில் 98க்கு 0 என்று தேறினார். 1993-ல் கிளின்டன் நியமித்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் 96க்கு 3. 2020-ல் ஏமி கோனி பேரட் 52க்கு 48. இதைச் சொல்லி அந்தக் காலம் பொற்காலம் என்று ஏங்குகிறவர்கள் இங்கே நிறையப் பேர். நான் அவர்களோடு சேர மாட்டேன்.

அன்று பெயருக்குத்தான் இரண்டு கட்சி. உள்ளே நான்கு இருந்தன. நியூயார்க்கின் தாராளவாத ரிபப்ளிகன் ஒரு வகை, மிட்வெஸ்டின் பழமைவாத ரிபப்ளிகன் வேறு வகை. வடக்கின் தொழிற்சங்க டெமாக்ரட் ஒரு வகை, தெற்கின் நிறவெறி டெமாக்ரட் வேறு வகை. ஒவ்வொரு பிரச்சினைக்கும் வேறு வேறு கூட்டணி சேரும். 1964 சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று தேறியபோது, 27 ரிபப்ளிகன்கள் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தி டெமாக்ரட்டுகள். ஆனால் அந்த ஒற்றுமையை எதைக் கொடுத்து வாங்கினார்கள்? தெற்கில் கறுப்பின மக்களை ஓட்டுச் சாவடிக்கே வரவிடாமல் வைத்திருந்ததை இரு கட்சிகளும் ஏறக்குறைய நூறு வருடம் கண்டுகொள்ளவில்லை. அந்த மௌனத்தின் மேல் கட்டிய சமாதானம் அது. உடைய வேண்டியதுதான், உடைந்தது. உடைந்த பிறகு தெற்கு கொஞ்சம் கொஞ்சமாக ரிபப்ளிகன் ஆனது, வடக்கின் நகரங்கள் டெமாக்ரட் ஆகின, உள்ளே இருந்த நான்கும் நிஜமாகவே இரண்டாகச் சுருங்கின. வரி, துப்பாக்கி, கருக்கலைப்பு, பருவநிலை, குடியேற்றம், தடுப்பூசி வரை எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றுகொண்டன. ஒன்றில் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மற்றதையும் ஊகித்துவிடலாம்.

1950-ல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கட்சிகள் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, மக்களுக்குத் தெளிவான தேர்வு வேண்டும், கட்சிகள் கட்டுக்கோப்பாகவும் கொள்கைப் பிடிப்போடும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அறிஞர்கள் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட கட்சிகள் பிரிட்டன் மாதிரி நாடாளுமன்ற ஆட்சிக்குத்தான் ஒத்துவரும். ஜெயித்தவன் ஆள்வான், தோற்றவன் காத்திருப்பான். அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை, செனட், அதிபர் மூவரும் சம்மதிக்காமல் ஒன்றும் நகராது. அரசியல் சட்டத்தில் கட்சி என்ற சொல்லே கிடையாது. கட்சியே இல்லாமல் பேசித் தீர்ப்பார்கள் என்று நினைத்து எழுதிய சட்டத்தின் உள்ளே, பேசவே மறுக்கும் இரண்டு கட்சிகள். 2025-ல் அரசாங்கம் 43 நாள் மூடிக் கிடந்தது இப்படித்தான். ஏழைகளுக்கான உணவு உதவியே நவம்பரில் தடைபட்டது.

ஊர் நண்பர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள், தமிழ்நாட்டிலும் இரண்டு கழகம்தானே என்று. உண்மை. அங்கேயும் ஓட்டுக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லாமல் போயிருக்கிறது. 2006-ல் தேமுதிக எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கி ஒரே ஒரு இடம் ஜெயித்தது. ஆனால் 1991-ல் திமுகவுக்கு இரண்டே இடம் கொடுத்த அதே மக்கள், 1996-ல் அதிமுகவை நான்கு இடத்தில் நிறுத்தி, ஜெயலலிதாவையே பர்கூரில் தோற்கடித்தார்கள். 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்சியை மாற்றினார்கள். மாற்றிப் போடுவதால் தன் வாழ்க்கையே பறிபோகும் என்ற பயம் அந்த வாக்காளருக்கு இருக்கவில்லை. தண்டிக்க அவரால் முடிந்தது. அமெரிக்க வாக்காளருக்கு இல்லாமல் போனது அந்தச் சுதந்திரம்.

இதிலிருந்து வெளியே வந்த நாடு ஒன்று உண்டு. நியூசிலாந்து. பிரிட்டிஷ் முறை, இரண்டு கட்சி, நேஷனலும் லேபரும். 1978-லும் 1981-லும் லேபர் அதிக ஓட்டு வாங்கித் தோற்றது. 1981-ல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தும் கிடைத்தது இரண்டு இடம். அரசு அமைத்த ராயல் கமிஷன் 1986-ல், கட்சிகள் வாங்கும் ஓட்டு விகிதத்துக்கே இடம் தரும் முறையைப் பரிந்துரைத்தது. இரு பெரிய கட்சிகளுக்கும் அதில் விருப்பமில்லை. ஆனால் இரண்டும் மாறி மாறிச் சொல்லாததைச் செய்து, சொன்னதைச் செய்யாமல் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்திருந்தன. 1992-ல் மக்களிடம் கேட்டபோது 85 சதவீதம் பேர் மாற்று என்றார்கள். 1993-ல் 54 சதவீதத்தோடு முடிவானது. கட்சிகளைத் தண்டிக்க வழியில்லாதவர்கள் தேர்தல் முறையையே தண்டித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உடனே தேன் ஒழுகியது என்று கதைவிட மாட்டேன். புதிய முறையின் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. யாரோடு சேர்வது என்று சிறு கட்சித் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் முடிவு செய்யும் வரை இரண்டு மாதம் நாடே காத்திருந்தது. அந்தக் கூட்டணியும் பாதியில் உடைந்தது. சிறு கட்சிக்காரர் பெரிய கட்சியின் குடுமியைப் பிடித்துக்கொள்வதை இன்றும் பார்க்கலாம். ஆனாலும் 2011-ல் இந்த முறையே தொடரட்டுமா என்று கேட்டபோது தொடரட்டும் என்றுதான் பெரும்பான்மை சொன்னது. பசுமை அக்கறை உள்ளவருக்கு ஒரு கட்சி, சந்தைப் பொருளாதாரக்காரருக்கு ஒரு கட்சி, மாவோரி மக்களுக்கு ஒரு கட்சி. லேபர் மேல் கோபம் வந்தால் நேஷனலுக்குப் போகாமலேயே அதைக் காட்டலாம்.

அமெரிக்காவில் இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரதிநிதிகள் சபையைப் பொறுத்தவரை தேவையில்லை. ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்பது 1967-ல் போட்ட சாதாரணச் சட்டம். சாதாரணச் சட்டத்தால் மாற்றிவிடலாம். மாற்ற வேண்டியவர்கள் அதனால் ஜெயித்தவர்கள் என்பதுதான் தடை. அதனால் மாநிலங்களைப் பார்க்கிறேன்.

2021-ல் டிரம்ப் மீது குற்றச்சாட்டுத் தீர்மானத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டவர் வயோமிங்கின் லிஸ் சேனி. செனட் விசாரணையில் டிரம்ப் குற்றவாளி என்று ஓட்டுப் போட்டவர் அலாஸ்காவின் லிசா மர்கௌஸ்கி. இருவரும் ரிபப்ளிகன், இருவர் மேலும் டிரம்புக்கு ஒரே கோபம், இருவருக்கும் எதிராக ஆள் நிறுத்தினார். இரண்டு மாநிலத்திலும் பிரைமரி ஒரே நாளில், 2022 ஆகஸ்ட் 16. வயோமிங்கில் ரிபப்ளிகன் பிரைமரி. சேனிக்கு முப்பது சதவீதம்கூடத் தேறவில்லை, அரசியல் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அலாஸ்காவில் 2020-ல் மக்கள் ஓட்டெடுப்பால் வந்த புது முறை. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பிரைமரியில் நிற்க வேண்டும், முதல் நான்கு பேர் நவம்பருக்குப் போவார்கள், நவம்பரில் வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவார். கடைசியில் இருப்பவர் விலக, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் எண்ணிக்கையில் சேரும். மர்கௌஸ்கி நவம்பர் வரை போனார், டெமாக்ரட் வாக்காளர்களின் இரண்டாவது விருப்பமும் சேர்ந்து ஜெயித்தார். குற்றச்சாட்டுத் தீர்மானத்தை ஆதரித்த ரிபப்ளிகன் சபை உறுப்பினர்கள் பத்துப் பேர். அடுத்த சபைக்குத் திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் கட்சி பிரைமரியே இல்லாத வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். மனசாட்சிக்கும் தேர்தல் விதிக்கும் இவ்வளவு நெருக்கமான சம்பந்தம் இருக்கிறது.

நான் இருக்கும் நியூ ஜெர்சியிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க் நகரத்தில் 2025 ஜூன் மேயர் பிரைமரியும் வரிசைப்படுத்தும் முறையில்தான் நடந்தது. மம்தானியும் பிராட் லேண்டரும் ஒரே பதவிக்குப் போட்டியிட்டவர்கள். "என்னை முதலில் போடுங்கள், இவரை இரண்டாவதாகப் போடுங்கள்" என்று ஒருவருக்கொருவர் ஓட்டுக் கேட்டார்கள். ரயிலில் மன்ஹாட்டன் போய்வந்துகொண்டிருந்த எனக்கு நம்பவே முடியவில்லை. போட்டியாளரைத் திட்டினால் அவருடைய ஆட்களின் இரண்டாவது ஓட்டு போய்விடும் என்ற ஒரே விதி அவர்களை மரியாதையாக நடக்க வைத்தது. ஆனால் 2024-ல் இந்த முறை வேண்டுமா என்று ஓட்டெடுப்பு நடந்த கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் நான்கிலும் மக்கள் அதை நிராகரித்தார்கள். அலாஸ்காவிலும் ரத்துசெய்யும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில்தான் தோற்றது. வலி எனக்கு உண்டு. ஆனால் நியூசிலாந்திலும் கமிஷன் அறிக்கையிலிருந்து முதல் தேர்தலுக்குப் பத்து வருடம் ஆனது.

எங்கள் நியூ ஜெர்சிக்கு வருகிறேன். இங்கே பல வருடங்களாக "கவுன்டி லைன்" என்று ஒன்று இருந்தது. உள்ளூர்க் கட்சித் தலைவர்கள் ஆசீர்வதித்த வேட்பாளர்கள் எல்லோரும் பிரைமரி ஓட்டுச்சீட்டில் ஒரே வரிசையில், மேலிருந்து கீழ்வரை அழகாக அடுக்கி இருப்பார்கள். மற்றவர்களை ஓரத்தில் எங்கோ தேட வேண்டும். ஓட்டுச்சீட்டை நானே கையில் வைத்துக்கொண்டு ஒரு பெயரைத் தேடியிருக்கிறேன். 2024-ல் செனட்டுக்கு நின்ற ஆண்டி கிம் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். மார்ச் மாதம் ஃபெடரல் நீதிபதி ஸாகித் குரைஷி அந்த வருட டெமாக்ரட் பிரைமரியில் இந்த அடுக்குக்குத் தடைபோட்டார். இப்போது பதவிவாரியாகப் பெயர்களைச் சேர்த்து அச்சிடுகிறார்கள். நூறு வருடத்துப் பழக்கம் போல் தோன்றியது ஒரு வசந்த காலத்தில் போய்விட்டது.

நம் ஆட்களில் பலர் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று "அன்அஃபிலியேட்டட்" எனப் பதிவு செய்திருக்கிறீர்கள். அதன் காரணம் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் கேன்டர் தொகுதிக் கதையை நினைத்துப் பாருங்கள். இங்கே பிரைமரி ஜூன் மாதம். அன்அஃபிலியேட்டடாக இருப்பவர்கள் அன்றைக்கே சாவடியில் ஒரு கட்சியைச் சொல்லி அதன் சீட்டை வாங்கி ஓட்டுப் போடலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் இருந்து இன்னொன்றுக்கு மாற நினைக்கிறவர்கள் மட்டும் 55 நாளுக்கு முன்பே படிவம் கொடுத்துவிட வேண்டும். உங்கள் தொகுதி எந்தக் கட்சியின் கோட்டையோ அந்தக் கட்சியின் பிரைமரியில் போய் நில்லுங்கள். விருதுநகர்க்காரரிடமும் இதையே சொன்னேன். எங்கள் தொகுதி டெமாக்ரட் கோட்டை. "என்னை டெமாக்ரட்னு எழுதச் சொல்றீங்களா அண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசிக்கிறேன் என்றார். ஏப்ரலுக்குள் யோசித்து முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.